கிண்ணம் சுற்றும் அவை: ஒட்டோமான் மதுக்கவிதையில் உலகியலும் மறைஞானமும்

ஒட்டோமான் திவான் கவிதையில் வரும் மது திராட்சை மதுவா, இறைக்காதலா என்ற கேள்வி இக்கால ஆய்வாளர்கள் கிளப்பியதன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே துருக்கி அறிஞர்கள் அதை வழக்காடினர். பாரசீகக் கவி ஹாஃபிஸின் திவான் என்னும் கவிதைத் தொகுப்புக்குத் துருக்கி மொழியில் உரை எழுதிய சுரூரி, கிண்ணம், மதுக்கடை, காதலரின் கூந்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் சூஃபிப் பொருள் கண்டார். அவருக்குப் பின் வந்த போஸ்னியரான சூதி, இலக்கணமும் நேர்ப்பொருளும் போதும் என்று நின்றார். ஹாஃபிஸைப் படிப்பது தகுமா என்ற வினாவுக்குப் பேரரசின் சமயத் தலைவரான ஷெய்குல் இஸ்லாம் எபுஸ்ஸுவூத் அளித்த ஃபத்வா, அக்கவிதைகளில் மருந்தும் உண்டு, நஞ்சும் உண்டு என்ற போக்கில் அமைந்தது. (ஜெர்மானியக் கவி கதே பின்னாளில் இதையே பாடுபொருளாக்கினார். ஃபத்வாக்களுக்கு இத்தகைய பேறு வாய்ப்பது அரிது.)

இரு தரப்பும் மதுவுக்குள்தான் பொருளைத் தேடின. உலகியலையும் மறைஞானத்தையும் இக்கவிதையில் பிணைப்பது மது அன்று, அது பரிமாறப்படும் அவையே என்பது இக்கட்டுரையின் வாதம். துருக்கியர் அதை ‘பெஸ்ம்’ என்றனர். அங்கே நடுவில் ஒருவர் வீற்றிருப்பார். அவர் அருளால் கிண்ணம் முறைப்படி சுற்றி வரும். வட்டத்துக்குள் இருப்பவன் ரிந்த். வெளியே நின்று பழிப்பவன் ஸாஹித். நடுவிடத்தில் காதலரை, சுல்தானை, இறைவனை, யாரை அமர்த்தினாலும் இந்த அமைப்பு குலைவதில்லை. ஒட்டோமான் கஜலின் தோட்ட விருந்தை அரசவையோடு ஒப்பவைத்த வால்டர் ஆண்ட்ரூஸின் ஆய்வு இதற்கு வழிகாட்டி. அவர் அந்த ஒப்புமையை அதிகாரத்தின் பக்கமிருந்து விரிவாகக் கண்டார். மறைஞானத்தின் பக்கத்தில் அது இன்னும் பழமையானது. படைப்புக்கு முன் இறைவன் ஆன்மாக்களிடம் தன் இறைமையைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட குர்ஆன் நிகழ்ச்சியைச் சூஃபிகள் ஓர் அவையாகவே கண்டனர். அதற்கு ‘பெஸ்மி எலெஸ்த்’ என்று பெயரும் இட்டனர். மது அங்கே பின்னர் வந்து சேர்ந்தது. அவை முதலிலேயே இருந்தது.

கவி ரெவானி விருந்தைப் பாடிய ‘இஷ்ரத்நாமே’ இதற்கு நல்ல சான்று. எதிர்னேயில் பிறந்து 1524இல் மறைந்த இவர், சுல்தான் முதலாம் செலீமின் ஆட்சியில் அரண்மனைச் சமையலறையின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். விருந்து எப்படி நடக்கும் என்பதை இவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நூலில் குடம், கிண்ணம், மெழுகுவத்தி, இசைக்கருவிகள், பரிமாறும் சாகி என ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து நிற்கிறது. குடிப்பதன் களிப்பைவிட அவையின் ஒழுங்கே ரெவானியின் கவனத்தை ஈர்க்கிறது. விருந்து முறைகளுக்கென்றே தனிநூல் இயற்றிய கெலிபோலுவைச் சேர்ந்த முஸ்தஃபா ஆலியின் அக்கறையும் இத்தகையதே.

மறைஞானப் பொருள் வெறும் முகமூடி, கண்டனத்துக்கு அஞ்சி அணிந்தது என்பார் உண்டு. அது உண்மையானால், தடை கடுமையாகும்போது முகமூடியும் தடிக்க வேண்டும். நடந்தது வேறு. சுல்தான் நான்காம் முராத் 1633இல் காப்பிக்கடைகளை மூடினார், புகையிலையையும் தடைசெய்தார். கடும்போக்குப் போதகரான காதிஸாதேயைப் பின்பற்றியவர்கள் சூஃபிகள்மேல் பாய்ந்துகொண்டிருந்தனர். அந்தச் சூழலில், 1634இல், மூன்றாம் முறையாக ஷெய்குல் இஸ்லாம் பொறுப்பேற்று 1644இல் இறக்கும்வரை அதில் இருந்தவர் யஹ்யா. பள்ளிவாசலின் பாசாங்கைவிட மதுக்கடையின் நேர்மை மேல் என்று கஜல் பாடியவரும் அவரே. பேரரசின் சமயத் தலைவர் குடித்தாரா என்று துருவுவது வீண். தம்மை வட்டத்துக்குள், ரிந்துகளோடு அமர்த்திக்கொள்கிறார் என்பதே அவர் கவிதையின் செய்தி. கேட்டவர்கள் அதில் தங்கள் அவையை அடையாளம் கண்டிருப்பார்கள்.

இக்கருத்துக்கு எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு சோதனை வைக்கலாம். அவை தளர்ந்தால் மறைஞானமும் தளர வேண்டும். 1730இல் இறந்த கவி நெதீமிடம் அதைத்தான் பார்க்கிறோம். 1722இல் காத்தானே ஓடைக்கரையில் எழுந்த சாதாபாத் அரண்மனைக்குப் படகேறிப் போகக் காதலரை அழைக்கிறார் அவர். இன்பம் குறையவில்லை, மதுவும் குறையவில்லை. ஆனால் நடுவில் வீற்றிருப்பவர் யாருமில்லை. இருவர் நகரத்துக்கு வெளியே உலாப்போகிறார்கள். அக்கவிதைக்குச் சூஃபி உரை எழுதுவது கடினம், எழுதினாலும் ஒட்டாது.

நெதீமோடு மறைஞானம் தீர்ந்துபோனது என்பது அவசரக் கூற்று. மதுக்கடைகளுக்குப் பெயர்போன கலாத்தாவில் 1491 முதல் மெவ்லவி சூஃபிகளின் மடம் ஒன்றும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் ஷெய்காக இருந்த காலிப், சுல்தான் மூன்றாம் செலீமின் நெருக்கத்தைப் பெற்ற கவி. மெவ்லவிகளின் நேய்க் குழல் விருந்திலும் ஒலித்ததுதான். மடத்தில் ஷெய்குக்குத் தனி இருக்கை இருந்தது, சுற்றி வட்டமும் இருந்தது. காலிப்பின் கிண்ணம் மீண்டும் முறைப்படி சுற்றுகிறது.