வேப்பேரி அச்சகத்தின் 18ஆம் நூற்றாண்டு வெளியீடுகள்

வேப்பேரி அச்சகம் என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை வேப்பேரியில் இயங்கத் தொடங்கிய கிறித்தவ மறைப்பணி அச்சுக்கூடம் ஆகும். இலண்டனைச் சேர்ந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பணியாற்றிய செருமானிய மறைப்பணியாளர் யோகான் பிலிப் பப்ரிசியஸ் (1711-1791) இதனை நடத்தினார். சமய நூல்களை அச்சிடுவதே இதன் முதன்மை நோக்கம். ஆயினும், தமிழ் மொழியைக் கற்பதற்கு உதவும் இலக்கணமும் அகராதிகளுமே இதன் வெளியீடுகளுள் நிலைத்த பயன் தந்தவை எனலாம்.

பின்னணி

தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சிடும் முயற்சி இதற்கு மிக முற்பட்டது. என்றிக்கே என்றீக்கசின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. பின்னர், சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கு நிறுவப்பட்ட அச்சகத்தில் அவரது புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1715இல் நிறைவுபெற்றது. செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. பப்ரிசியசும் முதலில் வந்து இறங்கிய இடம் தரங்கம்பாடியே (1740). இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் சென்னைக்குச் சென்றார்.

அச்சுப்பொறி வந்த வரலாறு

வேப்பேரியின் அச்சுப்பொறி விலைக்கு வாங்கப்பட்டதன்று, போரிற் கைப்பற்றப்பட்டதாகும். 1761 சனவரியில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்ற படைத்தலைவர் அயர் கூட் அயர்லாந்தின் இலிமெரிக்கு மாவட்டத்திற் பிறந்தவர். தோற்ற இலாலியோ பிரான்சில் குடியேறிய அயர்லாந்துத் தந்தையின் மகன். தமிழ் அச்சு வரலாற்றில் இரு அயர்லாந்துக் குடும்பத்தார் இவ்வாறு எதிரெதிராகத் தலைகாட்டுவது ஒரு விந்தை. கைப்பற்றிய பொருட்களோடு புதுச்சேரியின் அச்சுப்பொறியும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. சென்னை அரசிடம் அதனை இயக்கத் தெரிந்தவர் இல்லை. எனவே, அரசின் அச்சுப் பணிகளையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் அது பப்ரிசியசிடம் ஒப்படைக்கப்பட்டது.

வெளியீடுகள்

பப்ரிசியசு திருத்தி மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இலும், அவரது ஞானப்பாட்டுகளின் தொகுப்பு 1774இலும் வெளிவந்தன. இவற்றை அடுத்து, 1778இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தமிழ் இலக்கண நூல் ஒன்று அச்சாயிற்று. உடன் பணியாற்றிய பிரைத்தாப்டும் இதில் பங்கு கொண்டவர்.

1779இல் இருவரும் இணைந்து வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியே இவ்வச்சகத்தின் 18ஆம் நூற்றாண்டு நூல்களுள் முதன்மையானது. ஏறத்தாழ 9,000 சொற்களைக் கொண்ட இந்நூலின் தலைப்பில் தமிழ் என்பதற்கு மாறாக "மலபார்" என்ற பெயர் முன்னிற்கிறது. இதனைக் காணும் இன்றைய வாசகர் மலையாள அகராதி என்று மயங்கக்கூடும். போர்த்துக்கேயர் முதலில் வந்திறங்கியது மேற்குக் கடற்கரையில் ஆதலால், அங்கு வழங்கிய பெயரைக் கிழக்குக் கரையின் மக்களுக்கும் மொழிக்கும் ஏற்றிக் கூறுவது ஐரோப்பியரிடையே வழக்கமாயிற்று. அவ்வழக்கு பிழையானது என்பதை நூலாசிரியர்கள் அறிந்திருந்தனர். தமிழ் மொழியை ஐரோப்பியர் மலபார் என அழைக்கின்றனர் என்று நூலின் நீண்ட தலைப்பே விளக்கம் கூறுகின்றது.

தனிச்சொற்களோடு சொற்றொடர்களுக்கும் இவ்வகராதி பொருள் தருகின்றது. நிகண்டுகள் மனப்பாடம் செய்வதற்கெனச் செய்யுளில் அமைந்தவை. அயலவர் ஒருவர் தெருவிற் கேட்ட சொல்லைத் தேடிப் பொருள் காண அவை உதவா. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி அகர வரிசையில் அமைந்திருந்தும், 1824 வரை அச்சேறவில்லை. ஆகவே, அச்சு நூலாகக் கையில் எடுத்துப் புரட்டக்கூடிய தமிழ்-ஆங்கில அகராதி என்ற வகையில் இதன் இடம் தனித்தது. இதன் இணைநூலான ஆங்கில-தமிழ் அகராதி 1786இல் வெளிவந்தது. பிரைத்தாப்டு அதற்கு முன்னரே, 1782இல், காலமானார்.

பப்ரிசியசின் இறுதிக்காலம் துயரமானது. பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனாளியாகிச் சிறை சென்றார். 1791 சனவரியில் இறந்தார்.

அச்சேறாதவை

இப்பட்டியலில் திருக்குறளோ, சங்க நூல்களோ, தமிழ்ப் புலவர் எவருடைய நூலுமோ இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. எதனை அச்சிடுவது என்பதை அச்சகத்தை நடத்தியோரே முடிவு செய்தனர். தமிழ்ப் புலவரின் நூல்கள் ஓலைச்சுவடிகளிலேயே வழங்கி வந்தன. திருக்குறள் மூலம் சென்னையில் அச்சானது 1812இல்தான். அதுவும் வேப்பேரியில் அன்று, மாசத்தினசரிதை அச்சுக்கூடத்தில்.

பிற்காலம்

அகராதிப் பணி பப்ரிசியசுடன் நின்றுவிடவில்லை. இராட்லர் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக இதே அச்சகத்தில் வெளிவந்தது. 1862இல் வெளியான வின்சுலோவின் அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. பப்ரிசியசின் அகராதியும் மறக்கப்படவில்லை. தரங்கம்பாடியில் அது திருத்தியும் விரித்தும் பலமுறை பதிப்பிக்கப்பட்டது. அவற்றுள் 1972ஆம் ஆண்டுப் பதிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் தனது தெற்காசிய அகராதிகள் திட்டத்தின் வழியே இணையத்தில் தேடிப் பார்க்கும் வகையில் வெளியிட்டுள்ளது.