சுல்தான் கானின் சதுரங்க ஆட்டமுறை

மீர் சுல்தான் கான் பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய வாகையர் பட்டத்தை வென்றார்.

இவர் முதலில் பயின்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாயை முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே நகர்த்தலாம். ஐரோப்பிய முறையிலான கோட்டை கட்டுதலும் இல்லை. எனவே தொடக்க நகர்வுகளை நூல்வழி கற்றிருந்த ஐரோப்பியர்களுக்கு எதிராக இவரது தொடக்க ஆட்டம் பலவீனமாகவே இருந்தது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இவர் பின்தங்குவதுண்டு.

அக்குறையை நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் ஈடுசெய்தார். அவசரமின்றிக் காய்களைச் சீரமைத்து, எதிராளியின் நகர்வுகளைப் படிப்படியாக முடக்குவது இவரது வலிமை. 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் கப்பபிளாங்காவையும் இவ்வாறே நீண்ட ஆட்டமொன்றில் வென்றார்.

தொடக்க ஆட்டத்தைச் செம்மைப்படுத்தும் வாய்ப்பு இவருக்கு நீடிக்கவில்லை. இவரை இங்கிலாந்துக்கு அழைத்துச்சென்ற புரவலர் சர் உமர் ஹயாத் கான் 1933இல் நாடு திரும்பியபோது, இவரும் உடன் திரும்பினார். ஐரோப்பாவில் இவர் ஆடிய காலம் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவே. 1966இல் பாகிஸ்தானில் காலமானார். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் இவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.