நாய் வரியிலிருந்து சிம் அட்டை வரை: மாத்தளையில் எச்சரிக்கை ஒலியின் வரலாறு

1848 யூலையில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிலப் பறிப்பையும் கோப்பித் தோட்டங்களையும் புதிய வரிகளையும் காரணம் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் ஆளுநர் டொரிங்டன் காலத்து அந்த வரிகளில் இரண்டு தனியாக நின்று பார்க்கத்தக்கவை: துப்பாக்கி வரி, நாய் வரி. காட்டோரத்தில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்த கண்டிக் குடியானவனுக்கு இரவில் ஆள் வருவதையும் விலங்கு வருவதையும் முதலில் சொல்வது நாய். அந்தக் குரைப்புக்கு எழுந்தவன் கையில் எடுப்பது துப்பாக்கி. வீட்டின் காவலுக்கு இருந்த இரண்டுக்குமே அரசு விலை வைத்தது. யூலை 28 அன்று தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா முடி சூடினார். கிளர்ச்சியாளர் மாத்தளைக் கச்சேரி என்னும் அரச அலுவலகத்துக்குள் புகுந்து ஆவணங்களை அழித்தனர். மற்றொரு தலைவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வீட்டின் எச்சரிக்கை ஒலி அரசியலாவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இலங்கை வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று இந்த மாவட்டத்தின் கடைகளிலும் வீடுகளிலும் பொருத்தப்படும் கம்பியில்லா எச்சரிக்கைக் கருவியை அந்த நாயின் வழித்தோன்றலாகவே பார்க்க வேண்டும் என்பது என் வாதம். எச்சரிக்கைக்கு எப்போதும் இரண்டு பாதி உண்டு. ஒன்று சத்தம், மற்றது அதைக் கேட்டு வரும் ஆள். தொழில்நுட்பம் மாறி மாறி வந்தது முதற் பாதியில்தான்.

கண்டி இராச்சியக் காலத்தில் ஆள்தான் முழுக் கருவியும். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ 19 ஆண்டுகள் அங்கே சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் பாதைகளை மறித்து நின்ற முட்கதவுகளை விவரிக்கிறார். முட்கிளைகளால் பின்னிய கதவு, அருகில் காவலர், கடந்து போக களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும். படைவீரனுக்குரிய முத்திரையில் தோளில் ஈட்டி தாங்கிய மனிதன். கூலியாளுக்குரியதில், தோளில் வைத்த தடியின் இரு முனையிலும் பை தொங்கவிட்ட மனிதன். எழுத்தறியாத காவலனும் ஒரு பார்வையில் ஆளையும் முத்திரையையும் ஒப்பிட்டுவிடலாம். இன்றைய ரிமோட் பொத்தான் தன் அடையாளக் குறியீட்டை அனுப்ப, எச்சரிக்கைக் கருவியின் மையப் பெட்டி அதைச் சரிபார்த்துக் காவலை விலக்குவதும் இதே வேலைதான்.

வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துச் சேனைகளில் காவல் பரண்மேல் ஏறியது. பயிர் விளைந்த காலத்தில் இரவு முழுதும் பரண்காரன் பாடுவான். சிங்களத்தில் இவற்றுக்குப் ‘பெல் கவி’ என்று பெயர். தூக்கத்தை விரட்டவும் யானை, பன்றியை அகற்றவும் மட்டுமா அந்தப் பாட்டு? நான் விழித்திருக்கிறேன் என்று அடுத்த பரணுக்கும் அது தெரிவித்தது. எதிர்ப்பாட்டு வராவிட்டால் அங்கே ஏதோ குறை. கருவி உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி அவ்வப்போது உணரியைச் சோதித்துக்கொள்ளும் இன்றைய முறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

தெற்கிலும் கிழக்கிலும் வேறு கதை. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். வழியில் மாண்டவர் போக மிஞ்சியவர்கள் லயங்களில் குடியேறினர். தோட்டத்தில் விடியுமுன் தப்பு முழங்கும், வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்கு. அதே தப்பு சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்கும். எந்த அடி எதற்கென்று லயத்துக் குழந்தைக்கும் தெரியும். பிறகு ஸ்டோரில் சங்கு வந்தது. கோப்பித் திருட்டு அந்நாளில் துரைமாரின் ஓயாத முறைப்பாடு. அதற்காக வாச்சர்கள் நிறுத்தப்பட்டனர். ஆக, தோட்டத்தில் எச்சரிக்கை ஒலி துரையின் சொத்துக்கே காவல் நின்றது. லயத்து அறைக்குக் காவல் அடுத்த அறைக்காரர்தான்.

மின்சார எச்சரிக்கை மணிக்கு 1853இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ரசல் போப் காப்புரிமை பெற்றார். கதவு திறந்ததும் மின்சுற்று மணியை அடிக்கும். ஆனால் வீடு முழுவதும் கம்பி இழுக்க வேண்டிய அந்த முறை வங்கிக்கும் நகைக்கடைக்கும் பொருந்தியதே தவிர, சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கும் மாத்தளை வீடுகளுக்குப் பொருந்தவில்லை. இடியும் ஒரு காரணம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இங்கே கடுமையானது. நீண்ட கம்பி மின்னலின் அதிர்ச்சியை வாங்கி அடுத்த முனையிலுள்ள கருவிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கம்பி அறுந்ததும்தான் கருவி வீட்டுக்குள் வந்தது. கதவில் ஒரு காந்தம். நிலையில், கண்ணாடிக் குழாய்க்குள் இரு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் விலகினால் நாக்குகள் பிரியும், சிறு வானொலி அலை பெட்டிக்குப் போகும். இந்தக் குழாய்ச் சுவிட்ச் 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வூட் உருவாக்கியது. சுவர் மூலையில் இருக்கும் உணரி மனித உடலின் வெப்பக் கதிர் நகர்வதை அறியும். பெட்டியில் ஒரு சிம் அட்டை. தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில்தான் தொடங்கியது. அந்த வலை மலைச்சரிவுவரை ஏறியிராவிட்டால் இந்தப் பெட்டி வெறும் சங்காகவே நின்றிருக்கும்.

நன்மை என்ன என்று கேட்டால், முதலில் மிளகைச் சொல்வேன். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருப்பது சும்மா இல்லை. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ இந்த மண்ணின் பணம். பறித்த மிளகு சில நாள் வெயிலில் காய்ந்து, மூட்டையாகி, விலைக்காக வீட்டு முன்னறையிலேயே காத்திருக்கும். ஆண்டு வருமானம் ஒரு பூட்டுக்குப் பின்னால். அந்த அறைக்கு ஒரு கதவு உணரியும் ஒரு வெப்ப உணரியும் போதும். சுவரைக் கொத்த வேண்டியதில்லை. வாடகைக் கடைக்காரர் கடை மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட இருட்டிலும் பெட்டிக்குள் உள்ள மின்கலம் பல மணி நேரம் தாங்கும். உணரிகளுக்கோ தனி மின்கலம். புகை உணரியையும் இதே பெட்டியில் சேர்க்கலாம். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனியே வாழும் முதியவர் கழுத்தில் தொங்கும் பொத்தானைத்தான் இவை எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். விழுந்த இடத்திலிருந்தே அவரால் ஆளைக் கூப்பிட முடிகிறது.

குறைகளும் உண்டு. பல்லி உணரியின் கண்மேல் ஊர்ந்தால் நள்ளிரவில் சங்கு அலறும். மூன்று முறை அலறினால் வீட்டுக்காரரே அணைத்துவிடுவார். நக்கிள்ஸ் மலையின் மறுபுறம், லக்கலைப் பள்ளத்தாக்குகளில் சில வளைவுகளில் அலைபேசிக் கோடு ஒன்றுகூடத் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேர அறுந்தன. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேறுங்கள் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவு. அந்தச் செய்தி கைத்தொலைபேசியில் வராத இரவில் கோயில் மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கதவைத் தட்டும் கையுமே மிஞ்சும்.

சத்தம் கேட்டு வரும் ஆள் என்ற இரண்டாம் பாதியும் தவறக்கூடும். 1983 யூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையில், மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தபோது சத்தத்துக்குக் குறைவில்லை, ஊரே கேட்டது. உயிரைப் பணயம் வைத்துத் தமிழரை ஒளித்துக் காத்த அயலவரும் இருந்தார்கள். வர வேண்டியவர்கள் வரவில்லை என்பதும் உண்மை. அந்த ஆண்டைக் கண்ட குடும்பங்கள் எந்தக் கருவியை வாங்கும்போதும் அதை மறந்து வாங்குவதில்லை.

ஆகவேதான் கருவி பொருத்துபவர் கடைசியாகக் கேட்கும் கேள்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெட்டியில் சில எண்களைப் பதிய வேண்டும். சங்கு ஒலித்ததும் அது வரிசையாக அழைக்கும். பொலிஸின் 119 எல்லோருக்கும் மனப்பாடம். டோஹாவில் இருக்கும் மகனின் எண் வாயில் தயாராக இருக்கும். ஆனால் முதல் எண் யாருடையது என்று கேட்டால், மாத்தளைக் கடைக்காரர் ஒருகணம் வாசலுக்கு வெளியே, எதிர்க்கடையைப் பார்ப்பார்.