வீணாகாத ஓட்டு



தேர்தல் நாட்களில் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் துண்டறிக்கையோடு போகிற எங்களை யாரும் விரட்டுவதில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் தருகிறார்கள். பிறகு ஓர் ஆயா கேட்பார்: “யாருக்குப் போட்டா என்ன தம்பி? உங்க கட்சி ஜெயிக்கவா போகுது? ஓட்டை வீணாக்கச் சொல்றியா?” இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. இந்தச் சலிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்தில் நமக்கு 30 இடங்களை ஒதுக்கியது. தேர்தலோ இரண்டு கட்டம். முதலில் நம் வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். நம்மிடம் முதலிடம் பெற்றவர் தோற்கலாம். நான்காவதாக வந்தவர் வெல்லலாம். 1942இல் நாகபுரியில் அம்பேத்கர் உருவாக்கிய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இதனால்தான். அதன் தலைவர் நம் ந. சிவராஜ்.

விடுதலைக்குப் பின் அந்த முதற்கட்டமும் இல்லாமல் போனது. 1952இல் அம்பேத்கரே வடக்கு பம்பாயில் தோற்றார். அத்தோடு தொண்டர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1957இல் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் சிவராஜ் வென்றார். அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் சின்னம். இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. எழுத்தறியாத சேரியில் இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தொண்டர்.

அதே 1957இல் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அண்ணா வென்றார். அவர் கட்சியும் அன்று சிறு கட்சிதான். தேர்தலில் நிற்கலாமா என்று 1956 திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்துத் தொண்டர்களையே கேட்ட கட்சி அது. முதல் தேர்தலில் கிடைத்தது 15 இடம். பத்தாண்டில் ஆட்சிக்கு வந்ததும் அதைச் சிறு கட்சி என்று சொன்னவர்கள் மறந்துபோனார்கள். 1957 அக்டோபர் 3இல் சிவராஜைத் தலைவராகக் கொண்டு பிறந்த குடியரசுக் கட்சிக்கு அந்த வளர்ச்சி வாய்க்கவில்லை. ஊருக்கு ஊர் சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் மக்களின் கட்சிக்கு, மற்றவர் ஓட்டும் சேராமல் வெற்றி இல்லை. தனித் தொகுதியிலும் இதுவே கணக்கு. 2009 முதல் நம் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. அந்தக் கணக்கு மாறிவிடவில்லை.

அப்படியானால் ஆயா சொல்வது சரிதானா? 1999ஐ நினைத்துப் பாருங்கள். அதுவரை தேர்தலைப் புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் முதன்முறையாகப் போட்டியிட, திருமாவளவன் சிதம்பரத்தில் நின்றார். அந்தத் தேர்தலையொட்டி அங்கே சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன. அவர் தோற்றார். தோற்கப்போகிற ஓட்டு, வீணான ஓட்டு என்றால் அதைத் தடுக்க எதற்கு நெருப்பு? நம் ஓட்டின் மதிப்பை நாம் நம்பாத காலத்திலும் எதிரில் நின்றவர்கள் நம்பியிருக்கிறார்கள். 2024இல் அதே சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் அந்தக் கட்சி பானைச் சின்னத்தில் வென்றது. கூட்டணி பலத்தில்தான் வென்றது. ஆனால் சின்னம் இரவல் இல்லை.

ஆகவே ஆயாவிடம் நாங்கள் வெற்றியை வாக்குறுதியாகத் தருவதில்லை. “நம்ம ஓட்டு எத்தனைன்னு நமக்கே தெரியணும் ஆயா. அதை எண்ணிக் காட்டினாத்தான் நாளைக்கு நம்மைக் கேட்டு முடிவெடுப்பாங்க” என்கிறோம். சில வீடுகளில் சிரிக்கிறார்கள். சில வீடுகளில் துண்டறிக்கையை மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். 1957இல் வென்றவர் பெயர் நாடாளுமன்ற ஏட்டில் இருக்கிறது. அவருக்காகச் சேரி சேரியாக நடந்தவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அப்படி நடந்தவராக இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த நினைவுச் சொற்பொழிவு அவர்களுக்கும் உரியது.