ஓட்டுநரில்லாத் தானுந்துகளுக்கான மக்கள் ஏற்பு

ஓட்டுநரில்லாத் தானுந்துகளுக்கான மக்கள் ஏற்பு என்பது, மனிதர் இயக்காமல் தானாகச் செல்லும் தானுந்துகளை வாங்கவும், அவற்றில் பயணம் செய்யவும், அவற்றோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளவும் மக்கள் கொண்டுள்ள விருப்பத்தைக் குறிக்கும். இவை மூன்றும் வெவ்வேறானவை. வாங்குபவரும் பயணிப்பவரும் தெரிந்தே அதனை ஏற்கின்றனர். சாலையைக் கடப்பவருக்கு அத்தெரிவு கிடைப்பதில்லை.

தானியக்க நிலைகள்

எஸ்.ஏ.இ. பன்னாட்டு அமைப்பு 2014 இல் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வகுத்தது. 2 ஆம் நிலை வரை சாலையைக் கவனிக்கும் பொறுப்பு ஓட்டுநருடையது. 3 ஆம் நிலையில், வண்டி கோரும்போது அவர் கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும். 4 ஆம் நிலையில், வரையறுக்கப்பட்ட சூழலில் ஓட்டுநர் தேவையில்லை. 5 ஆம் நிலை எல்லாச் சூழலுக்கும் உரியது.

காரணிகள்

பிரெட் டேவிசு 1989 இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியின்படி, ஒரு கருவி பயனுள்ளது, எளிதானது என்ற எண்ணங்களே அதன் ஏற்பைத் தீர்மானிக்கின்றன. தானுந்தில் உயிர் தொடர்புடையதால் இவற்றோடு நம்பிக்கையும் சேர்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி மோதிப் பாதசாரி ஒருவர் இறந்தார். அமெரிக்கத் தானுந்துச் சங்கத்தின் கருத்துக் கணிப்புகளில், இத்தகைய வண்டியில் செல்ல அஞ்சுவதாகக் கூறியோர் 2023 இல் 68 விழுக்காட்டினர். 2025 இல் 61 விழுக்காட்டினர்.

இந்தியாவில்

2022 இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவ்வாண்டு மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் (64,105) தமிழ்நாட்டில் பதிவாயின. மனிதத் தவறுகளைக் குறைக்கலாம் என்பதே தானியக்கத்தை ஆதரிப்போரின் முதன்மை வாதமாகும். எதிர்ப்போர் வேலையிழப்பைச் சுட்டுகின்றனர். ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர்களின் வாழ்வாதாரத்தைக் காரணம் காட்டி, இவ்வண்டிகளை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று 2017 இலும் 2023 இலும் கூறினார்.

கே.பி.எம்.ஜி. நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஆயத்த நிலைக் குறியீட்டில், 30 நாடுகளுள் இந்தியா 29 ஆம் இடம் பெற்றது. கொள்கை, தொழில்நுட்பம், உட்கட்டமைப்பு ஆகியவற்றோடு மக்கள் ஏற்பும் அதன் அளவுகோல்களுள் ஒன்றாகும்.

மறைமலை நகர் – ஒரகடம் வட்டாரம்

மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதி இந்தியாவின் முதன்மையான தானுந்து உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்று. மறைமலை நகருக்கு அருகிலுள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்டு 2021 இல் அறிமுகமான எக்சு.யூ.வி.700, இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகி 2023 இல் அறிமுகமான உண்டாய் வெர்னா ஆகியவற்றின் உயர் வகைகளில் ஓட்டுநர் உதவி அமைப்புகள் உள்ளன. இவை தானாகத் தடையிடும். தடம் விலகாமல் திருப்பும். ஆயினும் இவை ஓட்டுநரில்லா வண்டிகள் அல்ல.

தடம் காக்கும் வசதிக்குத் தெளிவான சாலைக்கோடுகள் தேவை. ஜி.எஸ்.டி. சாலை போன்ற நெடுஞ்சாலைகளில் அது பயன்படும். கோடுகள் அழிந்த உட்சாலைகளிலும், இருசக்கர வண்டிகள் நெருங்கிப் புகும் இடங்களிலும் அதன் பயன் குறைவு. தேவையின்றி எழும் எச்சரிக்கைகளால் சலிப்புற்று இவ்வசதியை அணைத்துவிடுவதும், மாறாக அதனை அளவுக்கு மீறி நம்பிச் சாலையைக் கவனியாது விடுவதும் ஏற்பு குறித்த ஆய்வுகளில் ஒருங்கே கருதப்படும் சிக்கல்களாகும்.

தொடர்வண்டிகளுடன் ஒப்பீடு

தில்லி மெட்ரோவின் ஓட்டுநரில்லாத் தொடர்வண்டிச் சேவை 2020 திசம்பர் 28 அன்று தொடங்கியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திற்கும் இத்தகைய வண்டிகள் உருவாக்கப்பட்டன. தனித் தண்டவாளத்தில் குறுக்கே வருவோர் இல்லை. பொதுச்சாலையில் பாதசாரி, மிதிவண்டி, கால்நடை ஆகிய அனைத்தையும் கணித்தே வண்டி செல்ல வேண்டும். எனவே தொடர்வண்டிக்குக் கிடைத்த ஏற்பைத் தானுந்துக்கும் உரியதாகக் கொள்ள இயலாது.