காத்திருப்பும் இதயமும்: வாச்சாத்தியின் 31 வருஷம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பாலியல் வன்முறை பற்றிய குறிப்பு இதில் இருக்கு.)

தருமபுரி மாவட்டம் அரூர்ல இருந்து சித்தேரி மலையைப் பார்த்துப் போனா, அடிவாரத்துல வாச்சாத்தின்னு ஒரு ஊர் வரும். மலையாளி பழங்குடி மக்களோட ஊர். பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க, இவங்க பேசுறது தமிழ்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுறோம்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள்ள வந்தாங்க. மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துட்டு வந்து அடிச்சாங்க. வீடுகளை நொறுக்கினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. தப்பிச்சவங்க மலைக்கு ஓடி ஒளிஞ்சாங்க.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாம போராடினாங்க. 1995ல சென்னை ஹைகோர்ட் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு போட்டுது. தருமபுரி கோர்ட் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள இறந்துட்டாங்க. மிச்சம் இருந்த 215 பேருமே குற்றவாளிகள்னு தீர்ப்பு. அப்பீலை ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணினது 2023 செப்டம்பர் 29. மொத்தம் 31 வருஷம்.

இந்தக் கதையை ஏன் ஒரு ஹெல்த் எபிசோடுல சொல்றேன்? வழக்கு நடந்த அதே வருஷங்கள்லதான், மனசுக்கு வர்ற அடி இதயத்தை என்ன பண்ணும்னு மருத்துவ உலகம் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சது.

முதல்ல அதிர்ச்சி. 1994 ஜனவரி 17, விடிகாலை 4.31க்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நிலநடுக்கம். முந்தின வாரம் அங்க இதய நோயால திடீர்னு இறந்தவங்க சராசரியா ஒரு நாளைக்கு 4.6 பேர். நிலநடுக்கம் வந்த அன்னைக்கு மட்டும் 24 பேர். பயத்துல அட்ரினலின் பாயுது, பிரஷர் எகிறுது, ரத்தம் சீக்கிரமா உறையுது. ஏற்கெனவே அடைப்பு இருக்கிற குழாய் அதைத் தாங்காது.

ஆனா அதிர்ச்சி ஒரு நாளோட முடிஞ்சுடும். முடியாத கவலைக்கு என்ன கணக்கு? 2004ல கேரளாவுல பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில 'இன்டர்ஹார்ட்' ஆய்வு வெளிவந்தது. இந்தியா உட்பட 52 நாடுகள். வீட்டிலயும் வேலையிலயும் ஓயாத மன அழுத்தத்துல இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2010ல வந்த 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, பக்கவாதத்துக்கான முக்கியக் காரணங்களோட பட்டியல்ல மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் சேர்த்துது.

அடுத்தது 2013. அமெரிக்காவுல, வியட்நாம் போர்க்கால இரட்டையர்களை 13 வருஷம் கழிச்சுப் பார்த்தாங்க. ஒருத்தருக்கு போர் அனுபவத்தோட மனக்காயம் ஆறல, கூடப் பிறந்தவருக்கு அந்தப் பிரச்சினை இல்ல. காயம் ஆறாதவங்க 100 பேர்ல 22 பேருக்கு இதய நோய், மத்தவங்கள்ல 13 பேருக்கு. ஒரே குடும்பம், ஒரே சின்ன வயசு வாழ்க்கை, ஆனா இவ்வளவு வித்தியாசம்.

2017ல பாஸ்டன் டாக்டர்கள் 293 பேரை ஸ்கேன் பண்ணி, அது நடக்கிற வழியையும் காட்டினாங்க. மூளையில பயத்தைக் கவனிக்கிற பகுதி 'அமிக்டலா'. அது ஓயாம வேலை செஞ்சா, எலும்பு மஜ்ஜை அதிகமா இயங்குது, ரத்தக்குழாய்ல அழற்சி கூடுது. போதாததுக்கு தூக்கம் கெடும், பீடி சிகரெட் கூடும், பிரஷர் மாத்திரை மறந்துபோகும்.

இப்ப வாச்சாத்திக்குத் திரும்பி வருவோம். கோர்ட்ல ஏறி அந்த நாளை மறுபடி மறுபடி சொல்லணும். அடிச்ச துறைகளோட ஆட்களை அதே காட்டுல, அதே ரோட்டுல தினமும் பார்க்கணும். வாய்தா, அப்பீல், மறுபடியும் வாய்தா. 'தாமதமான நீதி'ன்னு சட்டம் இதைச் சொல்லும். உடம்புக்கு இது 31 வருஷமா அணையாத அலாரம்.

அந்த ஊர் தோத்துப் போகலைங்கிறதும் இந்த வரலாற்றோட பாதி. தனியா இல்ல, ஊரா சேர்ந்து நின்னாங்க. சாய்ஞ்சுக்க நாலு பேர் இருக்கிறது இதயத்துக்கு நல்லதுன்னு ஆய்வுகளும் சொல்லுது.

நமக்கான விஷயம் ரெண்டு. டாக்டர்கிட்ட போனா சர்க்கரை, பிரஷரோட மனசுல இருக்கிறதையும் சொல்லுங்க. நெஞ்சு வலிச்சாலோ, முகம் கோணினாலோ, கை மரத்தாலோ "டென்ஷன்தான்"னு தள்ளிப் போடாதீங்க, உடனே 108க்குக் கூப்பிடுங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.