டயருக்குள்ள இருக்கிற காத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு

2022 ஆகஸ்ட் மாசம். பெல்மதுளை டவுனில் ஒரு டயர் கடைக்கு முன்னால் மாமாவின் ஓட்டோ நிற்கிறது. பின் சீட்டில் நான். காத்து அடிக்கிற பையன் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு "எவ்வளவுண்ணே?" என்று கேட்டான்.

"எப்பவும் அடிக்கிறத விட ஒரு பத்து கூடப் போடு தம்பி. கல்லு மாதிரி இருக்கணும்."

"எதுக்கு மாமா?" என்றேன்.

"பெற்றோல் மிச்சமாகும்டா. டயர் கல்லா இருந்தா வண்டி தானா உருளும்."

அன்றைக்கு அதை ஒரு தந்திரம் மாதிரி கேட்டுக்கொண்டேன். மாமா மட்டுமில்லை, ஸ்டேண்டில் இன்னும் பல பேர் அதையே செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு மழை நாள் சாயந்திரம், தோட்டத்துக்கு இறங்குகிற வளைவில் மாமாவின் ஓட்டோ வழுக்கி கானுக்குள் போய்விட்டது. ஆளுக்குச் சேதமில்லை, முழங்கையில் நாலு தையல். கூடுதலாக அடித்த காத்துதான் காரணம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. டயர் தேய்ந்திருந்தது, ரோட்டில் பாசி, மழை வேற. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. மாமா சொன்னது சரியா? சரியோ பிழையோ, அப்படிச் செய்கிற நிலைமைக்கு அவர் எப்படி வந்தார்?

470 ரூபா

முதலில் அந்த வருசத்தை ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2021 ஜூன் வரைக்கும் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீட்டர் 137 ரூபா. அதற்குப் பிறகு 157, டிசம்பரில் 177. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் கடைசியில் 470. தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 1000 ரூபா சம்பளம் என்று அத்தனை வருசப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் வந்தது. அடுத்த வருசமே அந்த ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு லீட்டர் பெற்றோல்தான் என்று ஆகிவிட்டது.

அதுவும் செட்டில் இருந்தால்தான். 2022 ஏப்ரல் 19இல், நம்ம சப்ரகமுவ மாகாணத்தின் ரம்புக்கனையில், பெற்றோல் விலைக்கு எதிராக ரோட்டை மறித்த மக்கள் மீது பொலிஸ் சுட்டது. ஒருவர் செத்துப்போனார், பலர் காயப்பட்டார்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5 லீட்டர், காருக்கு 20 லீட்டர்.

அஞ்சு லீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் குடும்பம் நடத்துவது எப்படி? மாமாவும் அவருடைய சிநேகிதர்களும் அப்படித்தான் டயர் கடைக்குப் போனார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோனது. டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாய் விழுந்தபோது டொலர் 200லிருந்து 360 வரை போனது. புது டயர் வாங்குவது கனவாகிப்போனது. பெற்றோலும் இல்லை, டயரும் இல்லை. இருக்கிறதில் ஒன்றைக் கொன்றுதான் இன்னொன்றைக் காப்பாற்ற முடியும் என்ற நிலைமை.

மாமா சொன்னது எவ்வளவு சரி?

கொஞ்சம் சரிதான். டயர் உருளும்போது தரையில் படுகிற பகுதி நசுங்கும், மேலே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. ரப்பர் நசுங்க வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பகுதி சூடாகப் போய்விடும். தூரம் ஓடின டயரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். ஒரு சாதாரண கார் எரிக்கிற எரிபொருளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த உருளல் தடையைச் சமாளிக்கவே போகிறது. காத்து கூடினால் நசுங்கல் குறையும், தடையும் குறையும்.

ஆனால் எவ்வளவு மிச்சம்? காத்து குறையக் குறைய ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஏறக்குறைய 0.2 சதவீதம் எரிபொருள் கூடச் செலவாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்கிற கணக்கு. அளவுக்கு மேலே அடிக்கும்போது கிடைக்கிற லாபம் போகப்போகக் குறையும். இருந்தாலும் மாமாவுக்குச் சாதகமாக அதே கணக்கையே போடுவோம். 10 பிஎஸ்ஐ கூட அடித்தால் 2 சதவீதம். வாரத்துக்கு 5 லீட்டரில் அது 100 மில்லிலீட்டர். ஆகஸ்ட்டில் இருந்த 450 ரூபா விலைக்கு 45 ரூபா. லீட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டரை கிலோமீட்டர். ஒரு வாரத்துக்கு!

இப்போது மற்றப் பக்கம். அளவுக்கு மேல் காத்து அடித்த டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். தரையில் படுகிற இடம் சுருங்கும், நடுப்பகுதி சீக்கிரம் தேயும். பிரேக் அடிக்கும்போது பிடிமானம் குறையும். குழியில் விழும்போது அடியைத் தாங்கி வளைந்துகொடுக்காது. ரீபில்ட் டயரும் வழுக்கை டயருமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். காத்து குறைந்த டயர் இதைவிடப் பொல்லாதது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும்போது டயர் தண்ணீருக்கு மேல் மிதக்கத் தொடங்குவது காத்து குறையக் குறையச் சீக்கிரம் நடக்கும் என்று 1960களில் நாசா விமான டயர்களை வைத்துக் கண்டுபிடித்தது. 2000இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பனி 65 லட்சம் டயர்களைத் திருப்பி வாங்கிய கதையிலும் இது வருகிறது. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபோர்ட் சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ. டயர் கம்பனி பிறகு சொன்னது 30. டயரின் குறையா, காத்தின் குறையா என்று இரண்டு கம்பனிகளும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. அந்த விபத்துகளில் 271 பேர் செத்ததாக அரசாங்கக் கணக்கு.

காத்து எதற்காக உள்ளே போனது?

டயருக்குள் காத்தை வைத்தது யார், எதற்கு? இதைத் தேடும்போதுதான் எனக்கு வரலாறு சுவாரசியமானது.

1845இல் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் குதிரை வண்டிக்குக் காத்து டயர் செய்து காப்புரிமை எடுத்தார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் இருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தன்னுடைய மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். கட்டி ரப்பர் சக்கரத்தையும் காத்து டயர் போட்ட சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். காத்து டயர்தான் அதிக தூரம் போனது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டிச் சக்கரம் நசுங்காது, அப்படியானால் அதுதானே தூரம் போகணும்? கண்ணாடி மாதிரி தரையில் அது சரி. கல்லும் குழியுமான தரையில் கட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி வண்டி முழுவதையும் தூக்கிப் போடும். முன்னால் போகவேண்டிய சக்தி மேலே குதிப்பதில் வீணாகும். காத்து டயர் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு கடந்து போகும். அதாவது காத்து டயரைக் கண்டுபிடித்ததே மோசமான ரோட்டுக்காகத்தான்.

எங்கள் தோட்டத்து ரோட்டை யோசித்துப் பாருங்கள். அதில் ஓடுகிற வண்டிக்கு டயரைக் கல்லாக்குவது என்றால், டன்லொப்புக்கு முந்தின காலத்துக்குத் திரும்பிப் போவதுதான். கார்ப்பட் ரோட்டில் கிடைக்கிற அந்தச் சொட்டு மிச்சம்கூட அங்கே குலுக்கலில் போய்விடும்.

பால் வெட்டினவர்கள்

டயர் பிறந்தது பெல்ஃபாஸ்டில் என்றாலும் அதன் ரப்பர் எங்கள் மலைகளோடு சம்பந்தப்பட்டது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 2000 அதே வருசம் இலங்கைக்கு வந்து கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் மோட்டார் வண்டி வந்தது, ரப்பருக்கு விலை வந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகள் ரப்பர் தோட்டமாக மாறின. அந்தத் தோட்டங்களில் பால் வெட்ட தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள்.

1942இல் ஜப்பான் மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் பிடித்தது. உலகத்து இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. அவர்களுக்கு மிஞ்சியதில் பெரும்பங்கு இலங்கை ரப்பர். போருக்காக மரங்களை ஒட்ட ஒட்ட வெட்டினார்கள். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, பால் வேண்டும்.

அதே நேரம் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். டயருக்கு ரேஷன் போட்டார்கள். மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்றார்கள். 1942 டிசம்பரிலிருந்து நாடு முழுக்க பெற்றோலுக்கும் ரேஷன். காரணம் பெற்றோல் இல்லாததல்ல. அமெரிக்காவிடம் பெற்றோல் தாராளமாக இருந்தது. பெற்றோலைக் குறைத்தால் ஆட்கள் வண்டி ஓட்டமாட்டார்கள், டயர் தேயாது, ரப்பர் மிஞ்சும் என்பதுதான் கணக்கு.

அன்றைக்கு டயரைக் காப்பாற்ற பெற்றோலைப் பூட்டி வைத்தார்கள். எண்பது வருசம் கழித்து, அதே ரப்பர் விளைந்த சப்ரகமுவவில், பெற்றோலைக் காப்பாற்ற நாங்கள் டயரைக் கொன்றோம்.

இடையில் இன்னொரு அத்தியாயம். 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. வருசத்துக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. நாட்டின் பசியை ஆற்றிய ஒப்பந்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த ரப்பர் பாலை வெட்டினவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை, வாக்கும் இல்லை. இந்த வரி பாடப்புத்தகத்தில் பக்கத்தில் வருவதில்லை.

ஒரு ரயிலும் ஒரு ரோட்டும்

உருளல் தடையைக் குறைக்க ஆகச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். அதன் தடை ரோட்டு டயரின் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படி ஒன்று எங்கள் பக்கம் ஓடியது. களனிவெளி ஒடுங்கிய பாதை 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓபநாயக்க வரைக்கும் வந்தது. 1970களில் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் அதை மூடிவிட்டார்கள். என் அப்பாயிக்கு அந்த ரயிலின் ஊதல் ஞாபகம் இருக்கிறது. எனக்கு பஸ்ஸும் ஓட்டோவும்தான்.

அதனால்தான் 2022இல் பெற்றோல் நின்றபோது எங்கள் பக்கம் எல்லாமே நின்றது. தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, டியூஷனுக்கு, பிரசவத்துக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் ஓட்டோ. மாமா மிச்சம் பிடிக்க நினைத்தது வெறும் 45 ரூபா என்று கணக்குப் போட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்த வாரக் கடைசியில் டாங்கியில் இருந்த 100 மில்லி, யாரோ ஒருவரை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற இரண்டரை கிலோமீட்டராக இருந்திருக்கலாம். மாமாவுக்கு அறிவில்லாமல் இல்லை, வேறு வழிதான் இல்லை. உயிர் ஆபத்தையும் பெற்றோலையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிற வேலையை நாடு அவரிடம் விட்டிருந்தது.

2023 செப்டம்பரில் கியூஆர் முடிந்தது. மாமாவும் பழைய அளவுக்கு வந்துவிட்டார். இப்போது நான்தான் அவருக்கு வாத்தியார். வண்டியோடு வந்த புத்தகத்திலோ, காராக இருந்தால் சாரதி பக்கத்துக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலோ உள்ள அளவுதான் சரியான அளவு. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கிற பெரிய எண் அந்த டயர் தாங்குகிற உச்சம், அடிக்க வேண்டிய அளவு அல்ல. டயர் சூடாவதற்கு முன்னால், காலையில் பார்க்க வேண்டும். காத்து குறைந்த டயருக்குச் சரியான அளவு அடித்தாலே மிச்சமாகவேண்டியது மிச்சமாகும். அதற்கு மேலே அடிப்பதில் மிஞ்சுவது சொற்பம், போவது பிடிமானம்.

போன கிழமை இதையெல்லாம் விளக்கிச் சொல்லி முடித்தேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: "சரிடா, நீ சொல்றது எல்லாம் சரி. அடுத்த தடவ பெற்றோல் இல்லாமப் போனா, அப்ப என்ன செய்யணும்னும் அந்தப் புத்தகத்துல இருக்கான்னு பாரு."

தேடிப் பார்த்தேன். இல்லை.